உலை வைத்தவனுக்கு ஓட்டு

சமையற்கூடத்துக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலைப் பொன்னுச்சாமி மூன்றாவது தடவையாக மேலிருந்து கீழே படித்தான். நாற்பத்தெட்டுப் பெயர்கள் இருந்தன. அவன் பெயர் இல்லை.

"விமலு, என் பேரக் காணோமே."

"உங்க பேரு எப்படிண்ணே வரும்? அடுப்புக்கு ஒரு பேருதான். பதினாலாம் நம்பர் அடுப்பு என் பேர்ல இருக்கு. நம்ம மெஸ்ஸுல ஆறு பேரு, ஓட்டு ஒண்ணு."

"அப்ப நான் எங்க போயி ஓட்டுப் போடறது?"

"நீங்க சாப்பிடுங்க. ஓட்ட நான் போடறேன்."

விமல் சொன்னதில் தப்பில்லை. சட்டம் அப்படித்தான் இருந்தது. சட்டம் எங்கிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை.

வளைகுடாவில், ருவைஸ் ஆலைகளில் சாரம் கட்டுகிறவர்களும் வெல்டர்களும் பெயின்டர்களுமாக முந்நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த கேம்ப் அது. கேன்டீன் கிடையாது. ஐந்து பேர், ஆறு பேர் சேர்ந்து ஒரு மெஸ் வைத்துக்கொண்டு, பொதுச் சமையற்கூடத்தில் மெஸ்ஸுக்கொரு அடுப்பைப் பிடித்துச் சமைத்துக்கொள்ள வேண்டும். தொழிலாளர் நலனுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுங்கள் என்று ஹெட் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தபோது, அதை எப்படிச் செய்வது என்பதைக் கேம்ப் மேனேஜரிடம் விட்டுவிட்டார்கள். அங்கேதான் பிடித்தது சனி.

மேனேஜர் அயர்லாந்துக்காரர். அறுபது வயது. ஓரூர்க் என்று பெயர். தமிழ் ஆட்களின் வாயில் அது ஓரூர்க்காரர் ஆகிவிட்டது. பொருத்தம்தான். அந்த மனுஷருக்கு உலகத்தில் ஒரே ஊர்தான். தண்ணீர்க் குழாய் உடைந்த கதையைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் தன் ஊர் கில்லடூரில் கொண்டுபோய் நிறுத்துவார். "பேரப் பாத்தா நம்ம ஜெயங்கொண்டம் பக்கம் மாதிரி இருக்கே" என்று பொன்னுச்சாமிகூட ஒரு தடவை கேட்டிருக்கிறான்.

இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கில்லடூர் ஒரு தனித் தொகுதியாம். ஒரு தெரு, ஒரு பாலம், ஒரு சர்ச், அவ்வளவுதான் ஊர். அதற்கு டப்ளின் பாராளுமன்றத்தில் இரண்டு மெம்பர். ஓட்டு யாருக்கு என்றால், ஆறு மாதம் ஊருக்குள் இருந்து தன் சொந்த அடுப்பில் தன் சொந்தப் பானையைக் கொதிக்கவைத்தவனுக்கு. அப்படிப்பட்டவனுக்கு ஆங்கிலத்தில் பாட்வாலப்பர் என்று பெயர். ஓரூர்க்காரர் இதைக் கூட்டம் போட்டுச் சொல்ல, டிப்ளமா படித்த விமல் பக்கத்தில் நின்று தமிழில் பெயர்த்தான்.

"தூத்வாலான்னா பால்காரன். பாட்வாலான்னா பானைக்காரன். பானை யாரு பேர்ல கொதிக்குதோ அவனுக்கு ஓட்டு. ரூம் கணக்குல எடுத்தா ஆளு மாறிக்கிட்டே இருப்பான், அடுப்பு மாறாதுங்கறாரு. நாப்பது நாள் தொடர்ந்து உலை வைக்கணும். பட்டியல்ல மாத்தம் இருந்தா இந்த வாரத்துக்குள்ள சொல்லணும்."

யார் ஜெயித்தால் நமக்கென்ன என்று பொன்னுச்சாமி சும்மா இருந்திருப்பான். ஆனால் ஃப்ளாட் என்று ஒன்று குறுக்கே வந்துவிட்டது.

கம்பெனி டவுனில் ஒரு ஃப்ளாட் எடுத்திருந்தது. இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு அடுப்படி. ஆறு மாதத்துக்கு மட்டும். மாதம் ஒரு தொழிலாளி தன் பெண்டாட்டியை விசிட் விசாவில் வரவழைத்து அங்கே வைத்துக்கொள்ளலாம். யார் அந்த ஆறு பேர் என்று எழுதிக் கொடுப்பது நலப் பிரதிநிதி. முந்நூறு பேரில் ஆறு பேர்.

பொன்னுச்சாமிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். லீவு லீவாகக் கூட்டிப் பார்த்தால் நாகவள்ளியோடு இருந்தது பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதத்திலும் தனியாக இருந்தோம் என்று சொல்ல முடியாது. செந்துறைப் பக்கத்தில் மூன்று அறை வீடு, அதில் பதினோரு பேர். இவனும் அவளும் ஏதாவது பேச வேண்டுமென்றால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்தில் பேச வேண்டும். மாடும் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு மாதம். ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள். ஒரு அடுப்பு, அதில் அவள் சமைக்க, எதிரே உட்கார்ந்து இவன் சாப்பிட வேண்டும். அதிலும் அந்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. ஊரில் இருக்கும்போது அவள்தான் கொண்டுவந்து வைப்பாள், அவள்தான் ஊற்றுவாள், இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா என்று கேட்கிற குரலும் அவளுடையதுதான். சாரத்தின் உச்சியில் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அந்தக் குரலும் குழம்பு வாசனையும் சேர்ந்தே அவனுக்கு வரும். அவ்வளவு ஆசை அவனுக்கு. இதை வெளியில் சொல்லவும் வெட்கம்.

தேர்தலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஸ்டோர்கீப்பர் முகம்மது சித்தீக், ராமநாதபுரத்துக்காரர். இன்னொருவர் பீகார்க்காரர், ஃபோர்மேன் அஹ்சன். அஹ்சன் கெட்டவரில்லை. அவருடைய ஆட்களுக்கும் ஊரில் பெண்டாட்டிகள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

சித்தீக் பாய் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "பதினோரு வருசத்துல பதினாலு மாசமா? என்னய்யா வாழ்க்கை இது. நான் வந்தா முதல் மாசம் ஒனக்குத்தான். ஆனா வரணுமே. எண்ணிப் பாத்துட்டேன். எனக்கு இருபத்தி நாலு அடுப்பு, அஹ்சனுக்கு இருபத்தி நாலு."

"ஒரு அடுப்பு கூடுனா போதுமா பாய்?"

"ஒண்ணு போதும்."

அன்றைக்குச் சாயங்காலமே பொன்னுச்சாமி ஓரூர்க்காரர் முன்னால் போய் நின்றான். தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் சேர்த்து, "சார், ஐ ஆல்ஸோ பாட்வாலா" என்றான். ஓரூர்க்காரர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். மூலையில் ஒரு பர்னர் ரிப்பேராகிக் கிடந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி, நாற்பத்தொன்பதாம் நம்பர் என்று பெயின்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒரு ஓட்டு கூடியாயிற்று. பொன்னுச்சாமி துள்ளிக்கொண்டு ரூமுக்கு வந்தான். விமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முகம் சரியில்லை.

"தனி உலை வைக்கப் போறீங்களாமே."

"ஓட்டுக்காகத்தான்டா."

"ஆறு வருசமா உங்களுக்கு ஆக்கிப் போட்டது நானு. உப்பு கூடுச்சுன்னு ஒரு நாள் சொல்லியிருப்பீங்களா? ஒரு வார்த்த என்கிட்டக் கேக்காம வெள்ளக்காரன்கிட்டப் போயி பாகம் பிரிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க."

"இதுல எங்கடா பாகம் வந்துச்சு?"

"உலை பிரிஞ்சா எல்லாம் பிரிஞ்ச மாதிரிதான். போங்க. என் ஓட்டு யாருக்குன்னு இனிமே நானே பாத்துக்கறேன்."

சித்தீக் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு ஓட்டு வந்துச்சு, ஒரு ஓட்டு போச்சு. இதுக்குப் பேசாம சாப்புட்டுக்கிட்டே இருந்திருக்கலாம்லய்யா."

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நாற்பத்தொன்பதாம் நம்பரை அஹ்சன் பார்த்துவிட்டார். பொன்னுச்சாமி பிரியலாம் என்றால் அவருடைய ஆட்களும் பிரியலாமே. மறுநாள் காலையில் பதினெட்டு பீகார்க்காரர்கள் ஆளுக்கொரு சட்டியோடு மேனேஜர் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். தான் கிளப்பிய புழுதியைத் தானே அடக்க வேண்டும் என்று பொன்னுச்சாமி மெஸ் மெஸ்ஸாகப் போய்த் தமிழ் ஆட்களையும் பிரித்தான். முதலில் பிரித்தது அவனுடைய பழைய மெஸ்ஸைத்தான். பதினான்காம் அடுப்பில் விமல் ஒற்றை ஆளாக நின்றான்.

அடுப்புக்கு எங்கே போவது? ஓரூர்க்காரர் யோசித்தார். காலை, மதியம், சாயங்காலம் என்று ஒரு அடுப்பை மூன்று ஷிப்டாகப் பிரித்துவிட்டார். பழைய நாற்பத்தெட்டு அடுப்புக்கும் மூன்று பங்கு வைத்தால் நூற்று நாற்பத்து நான்கு. பொன்னுச்சாமியின் மூலை பர்னர் மூன்று ஷிப்டுக்குத் தாங்காது என்று அதை எடுத்துவிட்டு, இருபதாம் நம்பரில் சாயங்கால ஷிப்டுக்கு அவனை மாற்றினார்.

மனுஷருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கில்லடூரிலும் இதேதானாம். தேர்தல் வருஷம் வந்தால் பிரபு தன் பண்ணையாட்களை வண்டி வண்டியாக ஏற்றிவந்து, ஒரே வீட்டுக்குள் பத்து அடுப்பு மூட்டிப் பத்து வாக்காளர் என்று கணக்குக் காட்டுவாராம். இருக்கிற தெருவைவிடப் புகை அதிகமாக இருக்குமாம். இதைச் சொல்லும்போது ஓரூர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையால் இல்லை. அவர் ஊருக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, அங்கே அவருக்கு இப்போது யாருமில்லை என்று ஆபீஸ் கிளார்க் பிறகு சொன்னார்.

உலை வைத்தாயிற்று. அதில் எதைப் போடுவது? பொன்னுச்சாமிக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. டியூட்டி முடிந்து குளித்துவிட்டு, ஆறரை மணிக்கு அடுப்புக்குப் பின்னால் சுவரில் போனைச் சாய்த்துவைத்து நாகவள்ளியைக் கூப்பிட்டான்.

"நாகு, நான் தனி அடுப்பு வாங்கிட்டேன்."

நாகவள்ளி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"தனி அடுப்பா?"

"ஆமா. என் பேர்ல. ஃப்ளாட்டுக்காக. நெத்திலிக் கொழம்பு எப்படி வைக்கிறதுன்னு சொல்லு. நீ சொல்லச் சொல்ல நான் வைக்கறேன்."

"நெத்திலிக் கொழம்புங்களா?" நாகவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இருங்க, உள்ள ஒரு வேல. வந்துடறேன்."

போனவள் ஐந்து நிமிஷம் கழித்து வந்தாள். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. தம்பி பெண்டாட்டி சரசு. அவளுக்கு எதற்கும் சிரிப்புதான்.

"நாளைலேருந்து சொல்றேங்க. வீட்டுக்குள்ள சிக்னல் கெடைக்கல. கொல்லையில ஒரு அடுப்பு போட்டுக்கறேன். நீங்க அங்க வைங்க, நான் இங்க வைக்கறேன். ஒண்ணாவே வெச்ச மாதிரி இருக்கும்ல."

அந்தக் கடைசி வார்த்தையில் பொன்னுச்சாமி விழுந்துவிட்டான். பதினோரு வருஷத்தில் அவள் இப்படியொன்று சொன்னதில்லை. மாடு இருக்கும்போது எப்படிச் சொல்வாள்?

மறுநாளிலிருந்து அது நடந்தது. அங்கே எட்டு மணி. கொல்லையில் ஒரு பல்ப் வெளிச்சத்தில் நாகவள்ளி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். மூடிய பானையிலிருந்து ஆவி வந்துகொண்டிருக்கும். இங்கே இவன் பானையிலிருந்தும் ஆவி வரும். சுற்றி நாற்பத்தேழு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள், எண்ணெய் வெடிக்கும், யாராவது யாருடைய கரண்டியையாவது தூக்கிக்கொண்டு போவார்கள். பொன்னுச்சாமிக்கு ஒன்றும் கேட்காது.

"இப்ப என்ன போடணும்?"

"வெந்தயம் போடுங்க."

"எவ்வளவு?"

"ரெண்டு கைப்பிடி."

"ரெண்டு கைப்பிடியா?"

"நீங்க கைய நல்லா மூடாதீங்க. கொஞ்சமா வரும்."

சாப்பிட்டுப் பார்த்தான். வேப்பெண்ணெய் தோற்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. "எப்படிங்க இருக்கு?" என்று அவள் போனுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்டாள். "அப்படியே உன் கைப் பக்குவம்" என்றான். தப்பு தன் கையில்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு நாள் கேட்டான். "உன் பானையக் கொஞ்சம் தொறந்து காட்டு. எந்தப் பதத்துல இருக்குன்னு பாக்கறேன்."

"ஐயோ, தொறந்தா ஆவி போனுல படும். போனு கெட்டுடும்" என்றாள். சரிதான் என்று பட்டது.

இருபதாவது நாள் சித்தீக் பாய் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"பிரிச்சு விட்டியே, பிரிச்சவனுக்கெல்லாம் சமைக்கத் தெரியுமான்னு பாத்தியா? ஒன் பழைய மெஸ்ஸு ஆளுக நாலு பேரும் இன்னும் மூணு பேரும் எங்க சாப்புடுறானுவ தெரியுமா? அஹ்சன்கிட்ட. தாலும் ரொட்டியும் போட்டு அமுக்கிட்டாரு. ஏழு ஓட்டு போயிருச்சு."

கில்லடூரிலும் வேட்பாளர்கள் மாட்டுக்கறியும் பீரும் போடுவார்கள் என்று ஓரூர்க்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதனால் இதில் குற்றம் சொல்ல வழியில்லை. பொன்னுச்சாமி முடிவுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஏழு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றுவது.

நாகவள்ளி அன்றைக்கு உற்சாகமாக இருந்தாள். புதுச்சேலை கட்டியிருந்தாள். "கருவாட்டக் கழுவிடாதீங்க, ருசி போயிடும்" என்றாள். "உப்பு ஒரு கரண்டி கூடவே போடுங்க. ஏழு பேருல்ல."

ஏழு பேரும் சாப்பிட்டார்கள். பாவம், பசி. அதற்கப்புறம் நடந்ததை நாகரிகமாகச் சொல்வது கஷ்டம். அந்த பிளாக்கில் கக்கூஸ் நான்குதான், ஆட்கள் ஏழு பேர். மறுநாள் மூன்று பேர் டியூட்டிக்கு வரவில்லை.

விமல் இருபது நாளுக்கு மேலாகப் பேசாதவன், அன்றைக்கு வாயைத் திறந்தான். "கருவாட்டக் கழுவாமயா போட்டீங்க?"

"அவ கழுவத்தான் சொல்லியிருப்பாடா. இந்தச் சத்தத்துல என் காதுல சரியா விழல."

"நீங்க சமைக்காதீங்கண்ணே. ஓட்டு வேணும்னா வெறும் தண்ணிய வெச்சுக் கொதிக்க விடுங்க. யாரும் சாக வேணாம்."

அதுவே நடந்தது. அன்று தொட்டு பொன்னுச்சாமி பானையில் தண்ணீரை ஊற்றி மூடி போட்டுக் கொதிக்கவிட்டான். கடையில் குபூஸ் ரொட்டியும் ஊறுகாயும் வாங்கிச் சாப்பிட்டான். ஆனால் போனை மட்டும் விடவில்லை. அவள் புளி கரைக்கச் சொன்னால் கரைக்கிற மாதிரி கையை ஆட்டினான். தாளிக்கச் சொன்னால் பக்கத்து அடுப்புக்காரன் தாளிக்கும் சத்தத்துக்குப் போனைத் திருப்பினான். அவளை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தும். ஆனால் இதை நிறுத்தினால் அந்த அரை மணி நேரமும் போய்விடும். அந்த அரை மணி நேரம் இல்லாமல் இனி இருக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஓட்டை மீட்க வேறு வழி தேட வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் வரிசையில் நின்றவர்களிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"என் கைக் கொழம்பத்தான் சாப்பிட்டீங்க. அவ கைக் கொழம்பச் சாப்பிடலியே. எனக்கு ஃப்ளாட்டு கெடைச்சா முதல் ஞாயித்துக்கெழம பாய்க்கு ஓட்டுப் போட்ட எல்லாருக்கும் அவ கையால கருவாட்டுக் கொழம்பு."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் கைச் சாப்பாட்டைப் பார்த்து ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆனவர்கள் அவர்கள். ஒருவன் மெதுவாக, "நெசமாவாண்ணே? சுடச்சுடவா?" என்று கேட்டான். "உக்கார வெச்சுப் பரிமாறுவாங்களா?" என்றான் இன்னொருவன். அவன் பெயின்டர். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான்.

"உக்கார வெச்சுத்தான்."

கேம்ப் முழுக்க அது பரவியது. தால் ரொட்டிக்குப் போன ஏழு பேரும் திரும்பி வந்தார்கள். நான்கு பீகார்க்காரர்கள்கூட, "மச்லி கறி மிலேகா க்யா?" என்று மீன் குழம்பைப் பற்றி ரகசியமாக விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நாற்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. ஓரூர்க்காரர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஷிப்டிலும் அடுப்பு அடுப்பாகப் போய் ஆவி வருகிறதா என்று பார்த்து, வந்தால் ஒரு சீட்டைக் கொடுப்பார். சீட்டில் பெயரெழுதிப் பெட்டியில் போட வேண்டும். காலை முடிந்தது, மதியம் முடிந்தது. சாயங்காலம் இருபதாம் அடுப்புக்கு வந்து சீட்டை நீட்டினார். பொன்னுச்சாமி கையை நீட்டியபோது பின்னாலிருந்து அஹ்சன் வந்து பானையின் மூடியைத் தூக்கினார்.

"பானி ஹை" என்றார். "சிர்ஃப் பானி. தேக்கோ சார்."

கூட்டம் கூடிவிட்டது. பானைக்குள் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பருப்பு இல்லை, ஒரு அரிசி இல்லை. இரண்டு வாரமாக இப்படித்தான், இவன் பாட்வாலாவே இல்லை, இவன் ஓட்டு செல்லாது என்று அஹ்சன் பக்கத்தார் கத்தினார்கள். பொன்னுச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். தாழ்ப்பாள் போட்ட கதவு கண் முன்னால் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஓரூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார். விமல் நாற்பது நாளுக்கப்புறம் பொன்னுச்சாமி பக்கத்தில் வந்து நின்று தமிழில் சொன்னான்.

"கில்லடூர்லயும் இப்படி ஒருத்தன் வெறும் தண்ணியக் கொதிக்க வெச்சானாம். பஞ்ச காலம், போட ஒண்ணுமில்ல. டப்ளின்ல கமிட்டி உக்காந்து மூணு நாள் விசாரிச்சுச்சாம். கடைசில, பானை கொதிக்கணும்னுதான் சட்டம், உள்ள என்ன இருக்கணும்னு சட்டத்துல இல்லன்னு தீர்ப்பாச்சாம்."

ஓரூர்க்காரர் கொஞ்சம் நிறுத்திவிட்டு, தாழ்ந்த குரலில் வேறு ஏதோ சொன்னார்.

"இவரோட பாட்டனுக்குப் பாட்டனோட பாட்டன் அதே தெருவுலதான் இருந்தாராம். அவருக்கும் பானை இருந்துச்சு, அடுப்பு இருந்துச்சு, தெனமும் கொதிச்சுச்சாம். ஆனா அவரு கத்தோலிக்கராம். அந்தக் காலத்துல அவங்களுக்கு ஓட்டுக் கெடையாது. பட்டியல்ல பேரே ஏறலயாம். அப்புறம் அந்தத் தொகுதியையே எடுத்துட்டாங்களாம். பிரபுவுக்கு நஷ்டஈடு குடுத்தாங்க, பானை வெச்சிருந்தவனுக்கு ஒண்ணுமில்ல. அதனால, கொதிக்கிற பானைய இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்கறாரு."

சீட்டு பொன்னுச்சாமியின் கைக்கு வந்தது. பெயரை எழுதிப் பெட்டியில் போட்டான். விமலும் பதினான்காம் அடுப்பிலிருந்து வந்து போட்டான்.

நூற்று நாற்பத்து நான்கில் ஒருவன் அவசரமாக ஊருக்குப் போயிருந்தான். மீதியை எண்ணினார்கள். முகம்மது சித்தீக் எழுபத்திரண்டு, அஹ்சன் எழுபத்தொன்று.

சித்தீக் பாய் அங்கேயே காகிதம் வாங்கி ஆறு மாதத்துக்கும் பெயர் எழுதினார். முதல் மாதம் பொன்னுச்சாமி. கடைசி இரண்டு மாதம் அஹ்சனின் ஆட்களுக்கு. அஹ்சன் வந்து கட்டிக்கொண்டார்.

"நீயும் பாய்க்குத்தானே போட்ட?" என்று பொன்னுச்சாமி விமலிடம் கேட்டான்.

"உங்களுக்காகப் போடல. அண்ணி வரட்டும். அண்ணி கையால ஒரு வேள உக்காந்து சாப்பிடணும். ஆறு வருசமா நான் ஆக்குனதையே நான் தின்னுக்கிட்டிருக்கேன்."

கழுவாத பானைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு பொன்னுச்சாமி போன் போட்டான். எழுபது பேர் சுற்றி நின்றார்கள். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள். போட்டான்.

"நாகு, கெடைச்சிருச்சு. ஒரு மாசம். நீயும் நானும்."

கொல்லை பல்ப் வெளிச்சத்தில் நாகவள்ளி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"நெசமாத்தாங்களா? தனியாவா?"

"தனியாத்தான். தாழ்ப்பாள் இருக்கு. அடுப்படி இருக்கு. பசங்களெல்லாம் இங்கதான் நிக்கிறாங்க. முதல் ஞாயித்துக்கெழம எழுவத்தி ரெண்டு பேருக்கு உன் கையால நெத்திலிக் கொழம்புன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

நாகவள்ளி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தோள் குலுங்கியது. "பேசு புள்ள" என்றான். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு போனை வாங்கிக்கொண்டது. சரசுவின் முகம் திரை முழுக்க வந்தது. இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"மாமா, அக்கா வாயத் தொறக்காது, நானே சொல்லிடறேன்: இத்தன வருசமும் இந்த வீட்டுல கொழம்பு வெச்சது அத்தையும் நானுந்தான், அக்கா உங்களோட பேசறதுக்காக இந்த நாப்பது நாளும் கொல்லையில மூணு கல்லக் கூட்டி வெறுந்தண்ணியத்தான் கொதிக்க வெச்சுக்கிட்டு இருந்துச்சு."